ரிவ்யூ ஆர்ட்டிகிள் ஆறே நாளில் திரும்பி வந்துவிட்டது. ஆங்கிலம்தான் காரணமா?

கேள்வி நீளமாக இருந்ததால் சாரத்தை மட்டும் சொல்கிறேன். கேட்பவர் கடலூர்க்காரர், முனைவர் பட்ட ஆய்வில் மூன்றாம் ஆண்டு. உப்பனாற்று முகத்துவார வண்டலில் கன உலோகங்கள் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு ரிவ்யூ எழுதி அனுப்பியிருக்கிறார். ஆறாம் நாள் எடிட்டரிடமிருந்தே திரும்பிவிட்டது. காசு கொடுத்து ஆங்கிலத்தைத் திருத்திவிட்டு வேறு ஜர்னலுக்கு அனுப்பலாமா என்கிறார்.

அனுப்பாதீர்கள். காசும் கொடுக்காதீர்கள், இப்போதைக்கு.

ஆங்கிலம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் கிளம்பி வர வேண்டாம். படித்தால் புரியாத கட்டுரையை எவரும் ஏற்க மாட்டார்கள், சரி. ஆனால் ஆறு நாளில் திரும்பியது என்றால் ரிவ்யூவர் (கட்டுரையை மதிப்பிடும் துறை வல்லுநர்) யாரும் அதைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். எடிட்டர் பார்த்தது தலைப்பு, சுருக்கம், ஒன்றிரண்டு அட்டவணை, கவர் லெட்டர், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் தேடுவது இரண்டே விஷயம்: இதில் கேள்வி என்று ஒன்று இருக்கிறதா, ஏற்கெனவே வந்த ரிவ்யூக்களில் இல்லாதது என்ன இருக்கிறது. "உப்பனாற்றில் கன உலோகங்கள்: ஒரு ரிவ்யூ" என்பது தலைப்பு மட்டும்தான், அதில் கேள்வி இல்லை. ஒரே ஓர் ஆறு என்பதால் வெளிநாட்டு ஜர்னல் "எங்கள் வாசகர்களுக்குப் பொருந்தாது" என்று ஒரே வரியில் அனுப்பிவிடும்.

உப்பனாறு, வெள்ளாறு, பிச்சாவரம், கொள்ளிடம், வடக்கே அரியாங்குப்பம் வரை சேர்த்துக்கொண்டு, "2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முன்னும் பின்னும் எடுத்த வண்டல் அளவுகளை ஒப்பிட முடியுமா, முடியாதென்றால் எதனால்?" என்று கேட்டுப் பாருங்கள். இது கேள்வி. முடியாது என்பதே விடையாக வந்தாலும் கட்டுரை நிற்கும்.

அடுத்தது தேடல். எங்கே, எந்தத் தேதியில், எந்தச் சொற்களைப் போட்டுத் தேடினீர்கள் என்று ஒரு எக்செல் தாளில் அன்றன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நினைவிலிருந்து எழுதினால் எண்ணிக்கை ஒட்டாது. நம் பக்கத்து ஊர்ப்பெயர்கள் ஒரு தனித் தொல்லை. 2006-க்கு முன் வந்த கட்டுரைகளில் புதுச்சேரி இருக்காது, பாண்டிச்சேரிதான். பரங்கிப்பேட்டை பாதிக் கட்டுரைகளில் போர்டோ நோவோ, அதையும் சேர்த்து எழுதியவர் உண்டு, பிரித்து எழுதியவர் உண்டு. கெடிலத்தை 'க'வில் தொடங்கும் ஒலிப்பிலும் எழுதுவார்கள், 'ஜி' எழுத்திலும் எழுதுவார்கள். இத்தனை வடிவத்தையும் 'அல்லது' போட்டு ஒரே அடைப்புக்குள் கொடுக்காவிட்டால் பழைய ஆய்வுகள் அப்படியே விடுபட்டுப் போகும். கூகுள் ஸ்காலர் எத்தனை ஆயிரம் கிடைத்ததாகக் காட்டினாலும் முதல் ஆயிரம் முடிவுக்கு மேல் பார்க்க விடாது. அதனால் அதை மட்டும் நம்பாமல் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளங்கள் இரண்டில் ஒன்றாவது வேண்டும். அரசு நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏராளமான ஜர்னல்களின் முழுக் கட்டுரை கிடைக்கிறது. நூலகத்தில் கேளுங்கள், சும்மா கிடக்கிறது.

'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' (முன்பே வகுத்த முறைப்படி தேடித் தொகுப்பது) என்று தலைப்பில் போட்டால், அதற்கான வழிகாட்டி நெறியான பிரிஸ்மா 2020-இன் 27 அம்சப் பட்டியலையும், எந்தக் கட்டத்தில் எத்தனை கட்டுரை ஒதுங்கியது என்று காட்டும் ஓட்டப்படத்தையும் கேட்பார்கள். ஓட்டப்படத்தில் கூட்டல் கழித்தல் சரியாக வர வேண்டும். உதாரணத்துக்கு, கிடைத்தவை 812, இரட்டைப் பதிவு 214 போக 598. தலைப்பும் சுருக்கமும் பார்த்து ஒதுக்கியது 471, மீதி 127. முழுக் கட்டுரை கிடைக்காதவை 9 போக 118. படித்துப் பார்த்துக் காரணத்தோடு ஒதுக்கியது 76, கடைசியில் 42. இந்த 42 என்ற எண் சுருக்கத்தில், அட்டவணையில், முடிவுரையில் எல்லா இடத்திலும் 42 ஆகவே இருக்க வேண்டும். ஓரிடத்தில் 42, இன்னோரிடத்தில் 44 என்றிருந்தால் அங்கேயே நம்பிக்கை போய்விடும். ரிவ்யூத் திட்டங்களை முன்கூட்டியே பதியும் ப்ரோஸ்பெரோ தளத்தில் பதிவு செய்யச் சொல்லி யாராவது அறிவுரை தந்தால், அது உடல்நலம் சார்ந்த ரிவ்யூக்களுக்கு என்று சொல்லுங்கள். வண்டல் ஆய்வுக்கு எல்லாத் துறைக்கும் பொதுவான ஓ.எஸ்.எஃப். தளத்தில் திட்டத்தைப் பதியலாம், ஆனால் தரவு எடுக்கத் தொடங்கும் முன். முடித்துவிட்டுப் பதிவதில் பொருளில்லை. இவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம் என்றால் 'ரிவ்யூ' என்று மட்டும் போடுங்கள், தப்பே இல்லை. செய்யாததைச் செய்ததாகப் போடுவதுதான் தப்பு.

இனி அட்டவணை. ரிவ்யூவின் உயிர் அதில்தான் இருக்கிறது, ஆனால் நம்மவர்கள் கடைசி இரண்டு நாளில் அதைப் போடுகிறார்கள்.

ஆசிரியர், ஆண்டு, இடம், உலோகம், அளவு என்று ஐந்து பத்தி (நெடுவரிசை) போட்டால் அது வெறும் பட்டியல். வண்டலைப் பொறுத்தவரை எந்த அமிலத்தில் கரைத்தார்கள் என்ற பத்தி கட்டாயம். ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்தால் சிலிகேட்டுக்குள் சிக்கியிருக்கும் உலோகம் முழுதாக வெளியே வராது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்தால்தான் வரும். குரோமியத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஒருவர் ராஜ திராவகம், இன்னொருவர் ஹைட்ரோஃபுளோரிக் என்றால், இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பத்தாண்டில் மாசு கூடிவிட்டது" என்று எழுதுவது வேதியியலே இல்லை. 63 மைக்ரானுக்குக் கீழே சலித்த நுண்பகுதியா, முழு வண்டலா என்பது அடுத்த பத்தி. உலோகம் களிமண்ணில்தான் அதிகம் ஒட்டும், மணல் கலந்தால் எண் குறையும். மழைக்கு முன்னா பின்னா, எத்தனை மாதிரி, எந்தக் கருவி, உலோக அளவு முன்பே தெரிந்த தரப்படுத்திய மாதிரியை ஓட்டி, அதில் எவ்வளவு திரும்பக் கிடைத்தது என்ற மீட்பு விகிதம் சொன்னார்களா, இவையும் வேண்டும். "கண்டறியும் எல்லைக்குக் கீழ்" என்றிருப்பதைப் பூஜ்யமாக எடுத்துச் சராசரி போடாதீர்கள். மீனும் உங்கள் வரம்புக்குள் இருந்தால் ஈர எடையா, உலர் எடையா என்று பாருங்கள். மீன் தசையில் முக்கால் பங்கு, சிலவற்றில் அதற்கு மேலும், தண்ணீர்தான். கலந்துவிட்டால் நாலைந்து மடங்கு பிழை சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும்.

அலகில் இன்னொரு குழி இருக்கிறது, யாரும் சொல்லித் தருவதில்லை. மைக்ரோகிராம் எழுதும்போது அந்த 'மியூ' குறியை வேர்டில் சிம்பல் எழுத்துருவில் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த எழுத்துருவில் சாதாரண 'எம்' விசையை அடித்தால்தான் மியூ தெரியும். யாராவது கட்டுரை முழுவதையும் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றினால், மியூ இருந்த இடத்தில் 'எம்' வந்து உட்கார்ந்துவிடும். மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். ஆயிரம் மடங்கு. கண்ணுக்கு எதுவுமே தப்பாகத் தெரியாது, எழுத்துப்பிழை காட்டும் சிவப்புக் கோடும் வராது. சிதம்பரம், புதுச்சேரி டி.டி.பி. கடைகளில் 'ஃபார்மேட்' செய்து வாங்கும் ஃபைல்களில் இதை அவசியம் தேடிப் பாருங்கள். யூனிகோடு மியூவைச் செருகினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

படங்கள்: ஒளிப்படத்துக்கு 300 டி.பி.ஐ., கோட்டுப்படத்துக்குப் பெரும்பாலும் 1000. வேர்டில் ஒட்டிய படத்தைத் திரும்ப எடுத்து அனுப்பாதீர்கள், சேமிக்கும்போதே வேர்டு அதைச் சுருக்கிவிடும். கூகுள் மேப் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் வரைபடம் வந்துவிடும். பிறர் படத்தை எடுத்தால் அனுமதி வாங்க வேண்டும், "மேற்கோள் காட்டியிருக்கிறேனே" என்பது அனுமதி ஆகாது. சிசி பை உரிமத்தில் இருந்தால் பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம். கடைசியில் என்.டி. என்று இருந்தால் திருத்தி வெளியிடக் கூடாது. உங்கள் பழைய கட்டுரையின் படமே ஆனாலும், பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பெயர். தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. அப்பா குமாரவேல், பெண் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜர்னல் தளம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி காட்டும், இரண்டும் கட்டாயம். முதல் பெட்டியில் செல்வி, கடைசிப் பெட்டியில் குமாரவேல் என்று போட்டால் காலத்துக்கும் "குமாரவேல், எஸ்." என்றுதான் மேற்கோள் வரும். செல்வி பாடுபட்டதற்கு அப்பா பெயரில் மேற்கோள். முதல் பெட்டியில் 'கே', கடைசிப் பெட்டியில் செல்வி என்று போட்டால் "செல்வி, கே." என்று வரும். எது வேண்டுமோ அது உங்கள் விருப்பம், ஆனால் முதல் கட்டுரையில் போட்டதை மாற்றாதீர்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் பதினாறு இலக்க ஆர்க்கிட் எண்ணை முதல் நாளே எடுத்து அதிலும் அதே வடிவத்தைப் போடுங்கள்.

ஆசிரியர் பட்டியல் பற்றிப் பேசினால் சண்டை வரும், இருந்தாலும் சொல்கிறேன். கட்டுரையின் ஒரு வரியைக்கூடப் படிக்காத துறைத் தலைவர் பெயர் மூன்றாவதாக ஏறுவது நம் ஊரில் மொய் எழுதுவது மாதிரி ஆகிவிட்டது. மருத்துவ ஜர்னல் எடிட்டர்களின் குழுவான ஐ.சி.எம்.ஜே.இ. விதிப்படி நான்கு நிபந்தனையும் நிறைவேற வேண்டும்: பங்களிப்பு, எழுத்து அல்லது திருத்தம், இறுதி ஒப்புதல், பொறுப்பேற்பு. ஏ.ஐ. கருவியை ஆசிரியராகப் போட முடியாது, பயன்படுத்தியிருந்தால் சொல்ல வேண்டும். அது தரும் மேற்கோள்களை ஒவ்வொன்றாக டி.ஓ.ஐ. (கட்டுரையின் நிரந்தர இணைய எண்) போட்டுத் திறந்து பாருங்கள். இல்லாத கட்டுரைக்கு அழகான தலைப்பு வைப்பதில் அது கெட்டிக்காரத்தனம் காட்டும். மேற்கோள்களை ஸோட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் வைத்திருந்தால் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைச் சிவப்பில் காட்டும், அதுவும் ஒரு பயன்.

பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் ஒற்றுமை விகிதம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதியிலிருந்து வந்தது. எடிட்டர் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. எட்டு சதவீதமும் ஒரே கட்டுரையிலிருந்து ஒரே பத்தியாக வந்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். பதினைந்து சதவீதம் நூறு இடத்தில் சிதறிய கலைச்சொற்களாக இருந்தால் அவரே கேட்க மாட்டார், உங்கள் பல்கலைக்கழகம் கேட்கலாம்.

எந்த ஜர்னல் என்பதற்கு: ஆனுவல் ரிவ்யூஸ் போன்றவை அழைத்தால்தான் எழுத முடியும், அங்கே முட்ட வேண்டாம். மற்ற இடங்களில் ரிவ்யூ ஏற்கிறார்களா என்று எடிட்டருக்கு அரைப் பக்கத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதலாம். பல வாரங்கள் மிச்சமாகும். யுஜிசி ஏற்ற ஜர்னல்களின் பட்டியலான யுஜிசி-கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். பழைய பிடிஎஃப்-ஐ வைத்துக்கொண்டு "கேர் லிஸ்டில் இருக்கிறது" என்று விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் "ஸ்கோபஸ் கேரண்டி, முதல் ஆசிரியர் இவ்வளவு, இரண்டாம் ஆசிரியர் இவ்வளவு" என்று ரேட் கார்டு அனுப்பும் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. ஆனாலும் பல இடங்களில் கேட்கிறார்கள், மாணவர்கள் நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாத புலம்பல், மன்னிக்கவும். சந்தா, ஓபன் ஆக்சஸ் (கட்டணம் கட்டிக் கட்டுரையை எல்லோருக்கும் திறந்து வைப்பது) இரண்டும் உள்ள ஹைப்ரிட் ஜர்னலில் சந்தா வழியைத் தேர்ந்தெடுத்தால் வெளியீட்டுக் கட்டணம் பொதுவாக இல்லை. அந்தத் தேர்வு ஏற்றுக்கொண்ட பிறகு வரும் படிவத்தில் இருக்கும், அவசரத்தில் ஓபன் ஆக்சஸைத் தட்டிவிடாதீர்கள்.

கவர் லெட்டர் அரைப் பக்கம். "ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம், எடிட்டர் பெண்ணாக இருக்கலாம். பெயர் தளத்திலேயே இருக்கிறது. கேள்வி என்ன, முன்பு வந்த ரிவ்யூக்கள் எவை, அவற்றில் இல்லாதது என்ன, வேறெங்கும் அனுப்பவில்லை, முடிந்தது. முந்தைய ஜர்னலின் பெயர் அதில் அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள், சிரிக்காதீர்கள், நிறைய நடக்கிறது. ரிவ்யூவர் பெயர் பரிந்துரைக்கச் சொன்னால் உங்கள் நிறுவனத்தார், சமீபத்தில் உங்களோடு சேர்ந்து எழுதியவர்கள் வேண்டாம். ஜிமெயில் முகவரியும் வேண்டாம், நிறுவன முகவரியே கொடுங்கள்.

எடிட்டோரியல் மேனேஜர் என்ற சமர்ப்பிப்புத் தளத்தில் ஃபைல்களை ஏற்றியதும் வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். முடியவில்லை. அது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிடிஎஃப் கட்டும். அதைத் திறந்து பார்த்து நீங்கள் ஒப்புதல் பொத்தானை அழுத்தினால்தான் எடிட்டருக்குப் போகும். அழுத்தாவிட்டால் "ஆசிரியர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது" என்ற அடுக்கிலேயே மாதக்கணக்கில் கிடக்கும், நீங்கள் ரிவ்யூவரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த பிடிஎஃப்-இல் மில்லிகிராம் என்று தேடி, ஒவ்வொன்றும் நிஜமாகவே மில்லிகிராம்தானா என்று பாருங்கள்.

திருத்தம் கேட்டு வந்தால், 'மேஜர் ரிவிஷன்' என்பது நிராகரிப்பு இல்லை. ரிவ்யூவரின் ஒவ்வொரு வரியையும் அப்படியே ஒட்டி, கீழே பதில், மாற்றிய இடத்தின் வரி எண். ஒப்புக்கொள்ளாத இடத்தில் காரணம் சொல்லி மறுக்கலாம், பதில் சொல்லாமல் தாண்டத்தான் கூடாது. கெடு நவம்பர், டிசம்பரில் விழுந்தால் கடைசி வாரத்தை நம்பாதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல், இரண்டும் நம் கரையில்தான் ஏறின. கரண்டும் நெட்டும் எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? கெடு முடியும் முன்பே கூடுதல் நாள் கேட்டு இரண்டு வரி எழுதினால் பெரும்பாலும் தருவார்கள். முடிந்த பிறகு கேட்டால் பல தளங்களில் அது புதிய சமர்ப்பிப்பாகத்தான் போகும், புது எண்ணோடு, சில நேரம் புது ரிவ்யூவரோடு.