பழைய உயர்தர ஸ்பீக்கர் செட்டை நல்ல கையில் ஒப்படைப்பது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான்: அப்பா ஆசையாக வைத்திருந்த 1970-களின் ஸ்பீக்கர் ஜோடி நாகர்கோவில் வீட்டில் இருக்கிறது. வீட்டை விற்கப் போகிறீர்கள். ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்குப் போகாமல், அதன் அருமை தெரிந்த ஒருவரிடம் சேர்க்க வேண்டும்.

அதிக விலை சொல்கிறவரை விட்டுவிடுங்கள். ஒரே ஓட்டத்தில் வண்டி போய்ச் சேரும் தூரத்தில், பெட்டி வைக்க நல்ல அறையும் உட்கார்ந்து கேட்கப் பொறுமையும் உள்ள ஆளைத் தேடுங்கள். என் தாய்மாமாவுக்காக இந்த வேலையைச் செய்து முடித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மாமாவுக்குக் கருங்கல் பக்கம். 1970-களின் கடைசியில் குவைத் போனவர். அங்கே வாங்கியது யமஹா என்எஸ்-1000எம் ஸ்பீக்கர் ஜோடி. 1974-ல் ஜப்பானில் வெளிவந்த மாடல் அது. அடியில் தாழ் ஒலிக்கு 30 செ.மீ. வூஃபர், மேலே நடு ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் பெரிலியம் உலோகத்தில் செய்த, ஒலி எழுப்பும் இரண்டு குமிழ்கள். ஒரு பெட்டியே 31 கிலோ. இரண்டையும் முன்கூட்டியே கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட்டார். 1990 ஆகஸ்டில் ஈராக் ராணுவம் குவைத்துக்குள் நுழைந்தபோது மற்றதெல்லாம் அங்கேயே போச்சு. அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானத்தில் ஒரு கைப்பையோடு வந்து இறங்கினார். அதனால் அந்தப் பெட்டிகள் மேல் அவருக்கு ஒரு தனிப் பிடிப்பு. இப்போது மகளோடு சென்னையில் ஃபிளாட்டில் போய் இருக்க வேண்டிய நிலை. மாமிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "இந்தச் சவத்த எங்கயாவது கொண்டு போய்த் தொலைக்கப்பிடாதா" என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவர். மாமா என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "மக்களே, பாட்டு கேக்கத் தெரிஞ்சவன் கையில குடு."

ஆளைத் தேடுமுன் பெட்டியின் நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் குமரி மாவட்டத்தில் கடலிலிருந்து ரொம்பத் தூரத்தில் யாரும் இல்லை. வருடத்துக்கு இரண்டு மழைக்காலம், அதற்கு மேல் உப்புக்காற்று. முதலில் வூஃபரின் விளிம்பைப் பாருங்கள். கோனை, அதாவது அதிர்ந்து ஒலி தரும் கூம்பைச் சுற்றி வளையமாக இருக்கும் பகுதி அது. நுரைப்பஞ்சாக இருந்தால் பத்து இருபது வருடத்திலேயே விரல் பட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். அதைப் புதிதாக ஒட்டலாம், பயப்பட வேண்டாம். துணி விளிம்பாக இருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். மாமாவுடையது துணி.

அடுத்து, மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா என்று பாருங்கள். மூடிய பெட்டி என்றால் வூஃபர் கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். மெல்லத் திரும்பி வந்தால் காற்று கசியவில்லை. சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. அப்புறம் மல்டிமீட்டர். 8 ஓம் வூஃபரைத் தனியாகக் கழற்றி அளந்தால் ஏறக்குறைய 6 ஓம் காட்டும், அது சரிதான். முள் அசையவே இல்லை என்றால் உள்ளே இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) அறுந்திருக்கிறது.

மாமா பெட்டியில் முன்பக்கம் ஒலியைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு உண்டு, நடு ஒலிக்கு ஒன்று, உச்ச ஒலிக்கு ஒன்று. உப்புக்காற்று முதலில் கை வைக்கிற இடம் அதுதான். தொட்டாலே கரகரவென்று சத்தம், ஒரு பக்கம் ட்வீட்டரே (உச்ச ஒலிக் குமிழ்) பேசவில்லை. மற்றவர் என்றால் ட்வீட்டர் போய்விட்டது என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டிருப்பார்கள். செட்டிகுளம் பக்கம் இருக்கும் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக் கான்டாக்ட் கிளீனர் அடித்து, திருகை இப்படியும் அப்படியும் நிறைய முறை சுழற்றினார். சத்தம் வந்துவிட்டது. ஒலியைத் தாழ், நடு, உச்சம் என்று பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் இருக்கும் கண்டன்சர்களை மட்டும் அளந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கதை எதுக்கு மாத்தணும்" என்று அப்படியே மூடிவிட்டார். அந்த மனநிலை உள்ள மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள்.

பெரிலியம் உள்ள மாடல் என்றால் ஒரு எச்சரிக்கை. அந்த உலோகம் அலுமினியத்தை விட எடை குறைவு, விறைப்பு பல மடங்கு அதிகம். அதனால்தான் ஒலி அவ்வளவு துல்லியம். ஆனால் அதன் தூளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கேடு. குமிழ் முழுதாக இருக்கும்வரை பயமில்லை. உடைந்திருந்தால் நோண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். அசல் மாற்றுக் குமிழும் புதிதாகக் கிடைக்காது. உதிரிக்காகவே இந்தப் பெட்டிகளைத் தேடி அலைகிறவர்கள் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

செட்டோடு ஆம்ப்ளிஃபயரும் இருந்தால், பின்னால் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் எதில் நிற்கிறது என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். ஜப்பான் நாட்டுக்குள் விற்றது 100 வோல்ட். வளைகுடாவிலும் எல்லா ஊரிலும் ஒரே மின்சாரம் இருந்ததில்லை.

இனி ஆட்கள். மாமா செட்டைக் கேட்டு முதலில் வந்தவர் மைக்செட் வைத்திருப்பவர். நல்ல மனிதர், நல்ல விலையும் சொன்னார். கொடை, பெருவிழா என்று மாவட்டம் முழுக்கச் சத்தம் கொடுக்கிறவர். வீட்டுக்குள் கேட்கச் செய்த பெட்டியை மைதானத்தில் வைத்து முழு அளவில் திருப்பினால் ஒரு ராத்திரியில் காயில் கருகிவிடும். அவருக்கே அது தெரியும், "கல்யாண மண்டபத்துக்கு மட்டும்" என்றார். வேண்டாம் என்றேன். இன்னொருவர் வந்ததும் கேட்டது, "எத்தனை வாட்?" இந்தக் கேள்வியை முதலில் கேட்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தள்ளி 90 டெசிபல் தருகிற பெட்டி, வீட்டில் கேட்க எத்தனை வாட் வேண்டும்? மூன்றாமவர் உணவகம் கட்டுகிறவர், பழைய பொருட்களை அலங்காரத்துக்கு வாங்குகிறார். ஒயர் இல்லாமலேயே கொடுத்தாலும் பரவாயில்லை என்றார். உதிரி வியாபாரி ஒருவர் குமிழ்கள் மட்டும் போதும் என்று போனில் பேசினார். ஜோடியை ஒருபோதும் பிரிக்காதீர்கள். ஒன்று போனால் மற்றதுக்கு மதிப்பில்லை.

கோவிலுக்கோ சர்ச்சுக்கோ கொடுத்துவிடலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். மனசு நல்லதுதான், ஆனால் மைக்செட்காரர் கதையேதான் அங்கேயும்.

கடைசியில் ஆள் கிடைத்தது அந்த மெக்கானிக் மூலம்தான். ஒரு ஊரில் யார் வீட்டில் எந்த செட் இருக்கிறது என்பது இப்படிப்பட்டவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் விசாரியுங்கள். களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்திலும் சொல்லி வையுங்கள், அங்கே ஆர்வலர்கள் அதிகம்.

வந்தவர் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டக்காரர். அண்ணாச்சி பேசவே இல்லை. தான் கொண்டுவந்த வில்லுப்பாட்டுப் பதிவு ஒன்றைப் போடச் சொன்னார். ஒலியைக் குறைத்து வைத்தார். ஸ்டீரியோவை மோனோவாக, அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும்படி மாற்றச் சொல்லி, குரல் சரியாக இரண்டு பெட்டிக்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தார். இது நல்ல சோதனை, நீங்களும் செய்து பார்க்கலாம். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. பிறகு அவர் மாமாவிடம் கேட்டது விலையை அல்ல. "இத எந்த ரூம்ல வச்சுக் கேட்டீங்க?"

அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. இந்த மாடலுக்குக் கூர்மையான ஒலி. டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், கான்கிரீட் கூரை உள்ள புது வீட்டில் வைத்தால் அரை மணி நேரத்தில் காது வலிக்கும். மாமா வைத்திருந்தது மரத்தட்டு (மரத்தாலான உள்கூரை) போட்ட பழைய அறையில். குலசேகரம் வீட்டுக்கு நானே போய்ப் பார்த்தேன். அஞ்சிலி மரத்தட்டு, ஓட்டுக்கூரை, சுவர் நிறைய புத்தக அலமாரி. கொடுக்கிறவர் வாங்குகிறவர் வீட்டைப் போய்ப் பார்ப்பது பெண் பார்க்கிற மாதிரிதான் என்று மாமி சிரித்தார். சிரிக்கட்டும், நீங்கள் போய்ப் பாருங்கள்.

விலை எவ்வளவு என்று இங்கே சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது. இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் எதிர்பார்த்துப் போடும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள், உண்மையில் விற்ற விலையைத் தேடுங்கள். அதில் பழுதுபார்க்கும் செலவைக் கழியுங்கள்.

பார்சல் லாரியில் மட்டும் போடாதீர்கள். மழையில்லாத நாளாகப் பார்த்துக் குட்டி யானை பிடித்தோம். பெட்டியின் முகத்தைத் தொடாதபடி பிளைவுட் பலகை கட்டி, பழைய மெத்தை மேல் நிற்க வைத்து, கயிறு போட்டோம். மார்த்தாண்டம் வரைக்கும் அந்த ரோட்டுக் குழிகளைப் பார்த்து டிரைவரை விட மாமாதான் அதிகம் சத்தம் போட்டார். ஆம், அவரும் வண்டியில் ஏறிவிட்டார்.

ஒரே ஒரு நிபந்தனை வாய்மொழியாக வைத்தோம்: பின்னால் எப்போதாவது விற்பதென்றால் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும். அண்ணாச்சி அதை ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார். நீங்களும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.