காவல்துறையில் சிறுபான்மையினர் பிரதிநிதித்துவம் என்றால் என்ன? வடசென்னையில் அது ஏன் பேசப்படுகிறது?

ஓர் ஊரில் வாழும் எல்லா வகை மக்களும் அந்த ஊரின் காக்கிச் சட்டைக்குள்ளும் இருப்பதுதான் பிரதிநிதித்துவம். தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு இஸ்லாமியருக்கு 3.5, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. காவலர் தேர்வுக்கும் இதே கணக்குதான். ஆனால் அது மாநிலம் முழுவதற்குமான கணக்கு. உங்கள் தெருமுனைக் காவல்நிலையத்தில் அது தென்படும் என்று உறுதியில்லை. மக்களின் மனக்குறை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

வடசென்னையில் இது பேசப்படுவதற்குக் காரணம் எளிது: நம்பிக்கை இருந்தால்தான் புகார் வரும். அங்குள்ள மண்ணடியில் செல்போன் பறிகொடுத்த ஒரு மூதாட்டி, காவல்நிலையத்துக்கு வந்து, தமிழ் தடுமாறி, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு பெண் காவலர் நாற்காலியை இழுத்துப் போட்டு உருதுவில் பெயர் கேட்டதும் மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் தெரிந்தவர் என்றால் கூச்சமின்றி ரசம் கேட்போம் அல்லவா? அதுபோலத்தான். கேட்கும் தயக்கம் போகிறது. இலையில் கூடுதல் இனிப்பு விழ வேண்டியதில்லை.

ஒதுக்கீட்டில் வந்தவர்கள் தேர்வே எழுதாமல் வந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு; எழுத்துத் தேர்வும் உடற்திறன் தேர்வும் அவர்களுக்கும் உண்டு.