ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்ட்ஸ் சுற்றுலாவில் பார்க்கும் 'லாக்' என்றால் என்ன? அவை ஏன் இவ்வளவு நீளமாகவும் ஆழமாகவும் இருக்கின்றன?

எடின்பரோவில் காலையில் பேருந்து ஏறி இரவு திரும்பும் ஹைலேண்ட்ஸ் சுற்றுலாவில், வழிகாட்டி மூச்சுக்கு மூச்சு 'லாக்' என்பார். ஸ்காட்லாந்தில் ஏரிக்கும், நிலத்துக்குள் நீளமாக நுழைந்திருக்கும் கடல் பகுதிக்கும் அதுதான் பெயர்.

அந்த நீளத்துக்கும் ஆழத்துக்கும் காரணம் பனியாறுகள். பனியுகத்தில் தடித்த பனி பள்ளத்தாக்குகள் வழியே மெல்ல நகர்ந்தது. அடியில் கற்கள் ஒட்டியிருந்ததால், உப்புத்தாள் மரத்தைத் தேய்ப்பதுபோலப் பாறையை அராவிக்கொண்டே போனது. பனி உருகியதும் அந்தப் பள்ளங்களில் தண்ணீர் தங்கிவிட்டது.

லாக் நெஸ் தனி ரகம். அங்கே நிலப்பிளவு ஒன்று பாறையை ஏற்கெனவே நொறுக்கி வைத்திருந்ததால் பனிக்கு வேலை சுலபம். இன்று அது சுமார் 37 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 230 மீட்டர் ஆழம். இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகளின் தண்ணீரையெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

சரி, லாக் கரைகளில் ஏன் கோட்டைகள்? மலைநாட்டில் போக்குவரத்துக்குப் பள்ளத்தாக்கையும் நீர்வழியையும் விட்டால் வழியில்லை. லாக் நெஸ் கரையிலுள்ள அர்க்கர்ட் கோட்டை அதைக் கண்காணிக்கவே நின்றது. 1692இல் அங்கிருந்த படையே, ஜாக்கோபைட் கிளர்ச்சியாளர்கள் (பதவி இழந்த மன்னர் ஜேம்ஸின் ஆதரவாளர்கள்) கையில் சிக்கக்கூடாது என்று வெடிவைத்துத் தகர்த்துவிட்டுக் கிளம்பியது. முழுசாக நிற்கும் கோட்டைகளைவிட எனக்கு இந்த இடிபாடுதான் பிடிக்கும்.

அப்புறம், லாக் நெஸ் தண்ணீர் கறுத்திருப்பதை அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். சுற்றியுள்ள மலைகளில் மட்கிய செடிகொடிகள் நிறைந்த சதுப்பு மண்ணிலிருந்து மழையில் அடித்து வரும் துகள்களின் நிறம்தான் அது.