நாய்க்கு ஏஐ போட்டுத் தந்த சாப்பாடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு மூன்று வயது, 18 கிலோ. செல்போனில் ஏஐ-யிடம் சாப்பாட்டு அட்டவணை கேட்டேன். தினமும் 300 கிராம் பச்சை நெத்திலி, உண்ணி அண்டாமலிருக்க இரண்டு பல் பூண்டு, மீதமிருந்தால் காரமில்லாத குழம்புச் சோறு என்று தந்தது. நெத்திலி இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. அப்படியே கொடுக்கலாமா?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: வேண்டாம். மூன்றுமே தப்பு, அதிலும் மூன்றாவதுதான் ஆபத்தானது.

நெத்திலி நல்ல மீன்தான். பச்சையாகப் போடுவதில்தான் சிக்கல். அதிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி, பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். என்றோ ஒருநாள் திருடித் தின்றால் பரவாயில்லை. வாரக்கணக்கில் அதுவே சாப்பாடு என்றால் முதலில் பசி மந்தமாகும், பிறகு நடை தள்ளாடும், முற்றினால் வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். நன்றாகக் கழுவி, உப்புப் போடாமல் குக்கரில் வையுங்கள். முள்ளை இரண்டு விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். ஆகாவிட்டால் இன்னும் இரண்டு விசில் விடுங்கள். பாறை, விளைமீன் மாதிரிப் பெரிய மீன் என்றால் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள்.

அளவு: இந்த எடைக்கு நாளுக்குச் சுமார் 900 கலோரி போதும். வெந்த சோறு 400 கிராம், வெந்த மீன் 250 கிராம், அவித்த பூசணி ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். முள் நீக்கிய மீனில் கால்சியம் போதாது. அன்றைக்கு முட்டை ஓட்டை அவித்து, காயவைத்து, நைசாகப் பொடித்து அரை டீஸ்பூன் சேருங்கள். உங்கள் அட்டவணையில் இது இல்லவே இல்லை. குட்டிக்கும் சினை நாய்க்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. மாதக்கணக்கில் வீட்டுச் சாப்பாடு மட்டும்தான் என்றால் வைட்டமின், தாதுப்பொடி எது, எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பூண்டுக்கு உண்ணி போகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெங்காயம் உடல் எடையில் அரை சதவீதம், அதாவது உங்கள் நாய்க்கு 90 கிராம் ஒரே தடவையில் உள்ளே போனால் ஆபத்து. பூண்டு அதைவிட வீரியமானது. சிறிதளவானாலும் தினமும் சேரும்போது கெடுதல். ஈறு வெளுப்பது, சிறுநீர் கருஞ்சிவப்பாவது எல்லாம் சில நாள் கழித்துத்தான் தெரியும். உண்ணிக் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள் வருவதால், பூண்டு கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி குழம்பு. மிளகாயை எடுத்துவிட்டால் போதும் என்று ஏஐ நினைத்துவிட்டது. நம் மீன் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் மட்டுமா, புளியும் கரைந்திருக்கிறது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்குக் காரணம் அதிலுள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்க விலங்கு விஷ முறிவு மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் புளியில் மிக அதிகம். புளி தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பழுதானதும் பதிவாகியிருக்கிறது. திராட்சை கூடாது என்று எல்லா ஏஐ-யும் சொல்லும். நீங்கள் ‘குழம்பு’ என்று எழுதியபோது அதில் என்னென்ன போடுவீர்கள் என்று அது திருப்பிக் கேட்கவில்லையே! நாய்க்கு வேண்டிய மீனைக் குழம்புச் சட்டிக்குப் போகும் முன்பே தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: வலை உதறிய இடத்தில் கிடந்த பேத்தை மீனை நாய் கடித்துத் தின்றுவிட்டது. உப்புத் தண்ணீர் அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்து வாந்தியெடுக்க வையுங்கள் என்றது ஏஐ. இனி ஒருமுறை இப்படி நடந்தால் செய்யலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி உப்பு ஏறக்குறைய 18 கிராம். கிலோவுக்கு 2 முதல் 3 கிராம் உப்பே நாய்க்கு விஷமாகும், 4 கிராம் உயிரையே எடுக்கும். 5 கிலோ குட்டிக்கு விஷமேற அந்த ஒரு கரண்டியே போதும். பெராக்சைடு விஷயத்தில் ஏஐ சொல்வது வெளிநாட்டுக் கடையில் விற்கும் 3 சதவீதக் கரைசல். நம் மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கும் ‘20 வால்யூம்’ பாட்டில் 6 சதவீதம். அதே அளவைக் கொடுத்தால் உணவுக்குழாயும் இரைப்பையும் புண்ணாகிவிடும்.

பேத்தையின் விஷம் தசைகளைச் செயலிழக்கச் செய்வது, வேகவைத்தாலும் போகாது. விழுங்கும் தசை தளர்ந்த நாயை வாந்தியெடுக்க வைத்தால் வாந்தி நுரையீரலுக்குள் போகும். முறிவு மருந்து கிடையாது. மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை, அதை வீட்டில் செய்ய முடியாது. வாயில் மிச்சமிருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு, மீனைப் படம் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். போகும் வழியிலேயே மருத்துவமனைக்கு போன் செய்து நாயின் எடை, தின்ற நேரம் இரண்டையும் சொல்லிவிடுங்கள். ஏஐ-யிடம் கேட்டுக்கொண்டு உட்காரும் நேரம் இதுவல்ல.

கேள்வி: நாய் தூண்டில் முள்ளை விழுங்கி, வாயில் தூண்டில் நரம்பு (முள்ளைக் கட்டும் இழை) தொங்கினால்?
– வாசகர், மூக்கையூர்

பதில்: இழுக்காதீர்கள், முள் தொண்டையைக் கிழித்துவிடும். வாயோரமாக ஒட்ட வெட்டவும் கூடாது. மருத்துவர் முள்ளைத் தேடிப் பிடிக்க அந்த நரம்புதான் வழி. தொங்கும் நுனியைக் கழுத்துப் பட்டையில் தளர்வாகக் கட்டுங்கள். சோற்று உருண்டை, பிரெட், எண்ணெய் எதுவும் கொடுக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.