நுகர்வோர் கேள்வி-பதில்: ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்

ஏழு வருடமாக ஆண்ட்ராய்டு வைத்திருந்தேன். போன மாதம் ஐபோனுக்கு மாறினேன். பழைய போன் எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் பழைய செய்தி ஒன்றுகூட இல்லை. கூகுள் டிரைவில் பேக்கப் இருக்கிறது, ஐபோன் அதை எடுத்துக்கொள்ள மறுக்கிறது. வியாபாரக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.
— திருநெல்வேலி வாசகர்

பழைய போனை அவ்வளவு அவசரமாகக் கொடுத்திருக்கக் கூடாது. வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவிலும் ஐபோனில் ஐகிளவுடிலும் பேக்கப் எடுக்கிறது. ஒன்றில் இருப்பதை மற்றது படிக்காது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற ‘மூவ் டு ஐஓஎஸ்’ என்ற செயலி உண்டு. புது ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே அதை ஓட்ட வேண்டும்.

இப்போதும் வழி இருக்கிறது. வீட்டில் யாரிடமாவது ஒரு ஆண்ட்ராய்டு போனை இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்கள் பழைய கூகுள் கணக்கைச் சேர்த்து, அதே எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறந்து, பேக்கப்பை இறக்குங்கள். பேக்கப்புக்குக் கடவுச்சொல் வைத்திருந்தால் அதுவும் வேண்டும். அப்புறம் ஐபோனை முழுக்க அழித்து, புதிதாக அமைக்கும்போது மூவ் டு ஐஓஎஸ் மூலம் அந்தப் போனிலிருந்து மாற்றிக்கொள்ளுங்கள். அழிப்பதற்கு முன், இந்த ஒரு மாதத்தில் ஐபோனில் சேர்ந்த படங்களையும் முக்கியமான சாட்களையும் தனியே எடுத்து வைக்க மறக்காதீர்கள். நாளைக் கடத்தவும் வேண்டாம். நெடுநாள் புதுப்பிக்காத பேக்கப்பை கூகுள் நீக்கிவிடும்.

பிளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய செயலிகள் ஐபோனுக்கு வராது, மறுபடி வாங்கித்தான் ஆக வேண்டும். தமிழ் தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளுமே ஐபோனில் உள்ளேயே இருக்கின்றன.

போனை பில் இல்லாமல் எடுத்தால் ரூ.3,000 குறைவு என்றார் கடைக்காரர். எடுத்தேன். இரண்டே மாதத்தில் சார்ஜ் ஏறவில்லை. இப்போது ‘இது எங்கள் கடையில் வாங்கியதே இல்லை’ என்கிறார். வாரண்டி கிடைக்குமா?
— வேலூர் வாசகர்

பில் தராமல் விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் அந்த மூவாயிரத்துக்காக உங்கள் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை நீங்களே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டீர்கள். இதை இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது? யுபிஐ-யில் பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவைத் தேடி எடுங்கள், அது சாட்சி. போனில் *#06# அழுத்தினால், ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண் வரும். KYM என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா, போலி எண்ணா என்பது தெரிந்துவிடும். எண் சரியாக இருந்தால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் காட்டிப் பாருங்கள்.

நான்கு மாதம் முன்பு ரூ.23,000-க்கு வாங்கிய போனில் திரை துடிக்கிறது. சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போனேன். இரண்டு முறை ‘சாஃப்ட்வேர் போட்டாச்சு’ என்று திருப்பித் தந்தார்கள். மூன்றாவது முறை, ‘தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது, ரூ.9,400 ஆகும்’ என்கிறார்கள். என் போனில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. கடையில் கேட்டால் ‘விற்றதோடு சரி’ என்கிறார்கள். கையில் ஒரு காகிதமும் இல்லை.
— மதுரை வாசகி

அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது கடைசி வரிதான். மூன்று முறை போயும் ஒரு ஜாப் ஷீட், அதாவது போனைப் பழுதுக்கு வாங்கிக்கொண்டதற்கு எழுதித் தரும் சீட்டு, இல்லை. நானும் இதில் அடிபட்டவன். 2009-இல் ஒரு சர்வீஸ் சென்டரில் என் போனைக் கொடுத்தேன். கவுன்ட்டரில் இருந்த பையன் மரியாதையாகப் பேசினான், ஒரு சீட்டில் என் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டான், எனக்கு எதுவும் தரவில்லை. பத்து நாள் கழித்துப் போனபோது அங்கே வேறு ஆள். ‘நீங்கள் கொடுத்ததற்கு என்ன அத்தாட்சி?’ என்று கேட்டார். இன்று வரை அந்தப் போன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து, மிக்ஸி ஜாடியைப் பழுதுக்குக் கொடுத்தால்கூடச் சீட்டு வாங்காமல் நான் நகர்வதில்லை.

ஜாப் ஷீட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். தேதி, ஐஎம்இஐ எண், நீங்கள் சொன்ன குறை உங்கள் வார்த்தையிலேயே, கொடுக்கும்போது போன் இருந்த நிலை. ‘திரை துடிக்கிறது’ என்று நீங்கள் சொன்னால் அவர்கள் ‘செக்கிங்’ என்று எழுதுவார்கள். விடாதீர்கள், திருத்தச் சொல்லுங்கள். போனில் கீறல், உடைசல் இல்லையென்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் அந்த மேசை மேலேயே வைத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். சரிசெய்து திருப்பித் தரும்போதும் என்ன செய்தார்கள் என்று எழுதி வாங்க வேண்டும். ‘சாஃப்ட்வேர் போட்டாச்சு’ என்று இரண்டு முறை காகிதத்தில் இருந்திருந்தால், மூன்றாவது முறை தண்ணீரைக் கண்டுபிடித்தவர்களிடம், முதல் இரண்டு முறை திறந்து பார்த்தபோது அந்தத் தண்ணீர் எங்கே இருந்தது என்று கேட்டிருக்கலாம். அதனால்தான் பல இடங்களில் காகிதம் தரத் தயங்குகிறார்கள். ஏமாற்று அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சரி, இனி செய்ய வேண்டியது. போன்களுக்குள் ஈரம் பட்டால் சிவக்கும் சிறு ஸ்டிக்கர் இருக்கும். அது சிவந்திருப்பதைப் படமாகவும், தொழில்நுட்ப அறிக்கையை எழுத்திலும் கேளுங்கள். வாயால் சொன்னால் ஏற்காதீர்கள். பழுதுக்கு ஒப்புக்கொண்டு ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். மூன்று முறை போன தேதிகளையும் சொல்லி, நிறுவனத்துக்கும் கடைக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். அங்கிருந்து வந்த எஸ்எம்எஸ், அழைப்புப் பதிவு எது இருந்தாலும் இணையுங்கள்.

‘விற்றதோடு சரி’ என்பது சட்டத்தில் இல்லாத பேச்சு. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சொல்கிறது. உங்களுக்கு அந்த 30 நாள் கடந்துவிட்டது. ஆனாலும் வழக்கு என்று போனால் கடையையும் நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போடலாம்.

பதில் வராவிட்டால் 1915. அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பித் தீர்வு கேட்பார்கள், தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். அதிலும் நடக்கவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மதுரையிலேயே போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தும் போடலாம். ரூ.5 லட்சம் வரை வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம், இல்லையென்றால் மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் நீளும். ஆனாலும் போடுங்கள். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பேச வரும் நிறுவனங்கள் உண்டு. என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

போன் பழுது, கடை மாற்றித் தரவில்லை. இஎம்ஐ கட்டுவதை நிறுத்திவிடலாமா?
— ஈரோடு வாசகர்

வேண்டாம். கடன் தந்தவர் வேறு, விற்றவர் வேறு. கெடுவது, கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கும் உங்கள் சிபில் மதிப்பெண்.

மகளின் கல்லூரிப் படிப்புக்கு டேப்லெட். ஒரு கடையில் நல்ல திரையோடு, பேனாவோடு, பாதி விலைக்கு ஒன்று காட்டினார்கள். கூகுள் பிளே மட்டும் இல்லையாம். வாங்கலாமா?
— தஞ்சாவூர் வாசகர்

வாங்காதீர்கள். கல்லூரி எந்தச் செயலியில் பாடம் அனுப்புகிறது என்று முதலில் மகளிடம் கேளுங்கள். அது அந்தப் பெட்டியில் ஓடுகிறதா என்று கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு கருவியை வாங்கும்போது அதன் பின்னால் இருக்கும் மென்பொருள் தளத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். எச்பி 2011-இல் டச்பேட் என்ற டேப்லெட்டைக் கொண்டுவந்து, 49 நாளில் கைவிட்டது. விண்டோஸ் போனில் 2019 இறுதியோடு வாட்ஸ்அப் நின்றது. பழைய பிளாக்பெர்ரி போன்களின் சேவையை 2022 ஜனவரி 4-இல் நிறுத்தினார்கள். எல்லாமே நல்ல திரையும் நல்ல உழைப்பும் உள்ள கருவிகள்தான்.

இப்படி நின்றுபோன ஒரு தளத்தின் கருவியை நானும் பாதி விலை என்று வாங்கினேன். மூன்று வருடக் குறிப்புகளை அதில் எழுதினேன். தளத்தை மூடியபோது, அந்தக் குறிப்புகளை வெளியே எடுக்க அந்தச் செயலியில் வழியே இல்லை என்பது தெரிந்தது. ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, இன்னொரு போனால் படம் எடுத்தேன். 214 படங்கள். உங்கள் மகள் பரீட்சைக்கு முந்தின வாரம் அந்த வேலையைச் செய்யக் கூடாது. எந்த டேப்லெட் வாங்கினாலும், எழுதிய குறிப்பு பிடிஎஃப்-ஆக வெளியே வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

அப்டேட் போட்ட மறுநாள் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. வாரண்டி முடிந்து 40 நாள். திரை மாற்றப் பாதி விலை கேட்கிறார்கள்.
— கோவை வாசகர்

உங்கள் மேல் தவறு இல்லை. அமோலெட் என்ற வகைத் திரைகளில் பலருக்கும் இது வந்திருக்கிறது. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகத் திரை மாற்றித் தந்திருக்கின்றன. கவுன்ட்டரில் இருப்பவர் தானாகச் சொல்ல மாட்டார். தலைமை அலுவலகத்துக்கு மாடல் பெயர், அப்டேட் போட்ட தேதி, படம் மூன்றையும் வைத்து எழுதிக் கேளுங்கள். பதில் வரும் வரை வெளிக் கடையில் திறக்க விடாதீர்கள். திறந்துவிட்டால் அதையே காரணம் காட்டுவார்கள்.

அண்ணன் அமெரிக்காவிலிருந்து ஐபோன் கொண்டுவந்தார். சிம் போடும் இடமே இல்லை. பழுதான போனா?
— காரைக்குடி வாசகி

பழுது இல்லை. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ஆம் மாடலிலிருந்து சிம் தட்டு கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். உங்கள் சிம் நிறுவனத்திடம் இ-சிம்மாக மாற்றக் கேளுங்கள்.

டச் வேலை செய்யவில்லை, சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். உள்ளே குடும்பப் படங்கள் இருக்கின்றன. பேட்டர்ன் லாக்கையும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது.
— புதுச்சேரி வாசகி

பயம் நியாயமானது. டச் மட்டும் போய்த் திரை தெரிகிறதென்றால், போனின் சார்ஜ் துளையில் செருகும் ஓடிஜி இணைப்பில் ஒரு சாதாரண மவுஸை மாட்டுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அம்புக்குறி வரும். அதை வைத்துப் படங்களை வேறு இடத்துக்கு எடுத்து, போனை முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள். லாக்கே இல்லாத போனுக்கு பேட்டர்ன் கேட்க முடியாது. அழிக்க மனமில்லையென்றால், சாம்சங்கில் ‘மெயின்டனன்ஸ் மோட்’, பிக்சலில் ‘ரிப்பேர் மோட்’ என்று இருக்கிறது. புது மாடல்களில் கிடைக்கும். அதைப் போட்டுக் கொடுத்தால் போனைச் சோதிக்க முடியும், உங்கள் படங்கள் கண்ணில் படாது. சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். கழற்றியதை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.