இயந்திர வரைபடத்தில் லேயர்களைப் பிரித்து வைப்பது ஏன்?

ஆட்டோகேட் போன்ற வரைவு மென்பொருளில் லேயர் என்பது ஒரே பணிக்குரிய கோடுகளுக்கு இடப்படும் பொதுப் பெயர். நிறம், கோட்டு வகை, தடிமன் ஆகியவை அந்தப் பெயரோடு சேர்ந்தே இருக்கும். ஒரு தண்டின் வரைபடத்தில் வெளிக்கோடு 0.5 மி.மீ. தொடர்கோடாகவும், மறைந்த விளிம்பு 0.25 மி.மீ. விட்டுவிட்டு வரும் கோடாகவும், மைய அச்சு நீண்ட கோடும் புள்ளியும் மாறிமாறி வருவதாகவும் அமைவதால், ஒவ்வொன்றையும் தனி லேயரில் வைத்து, நிறத்தையும் தடிமனையும் 'பைலேயர்' (லேயரில் உள்ளபடியே) என்றே விட்டுவிட்டால், லேயரில் ஒருமுறை செய்யும் மாற்றம் நூற்றுக்கணக்கான கோடுகளுக்கும் சென்று சேரும். ஓர் அறையின் விளக்குகள் அனைத்தையும் ஒரே சுவிட்சில் இணைத்து வைப்பதைப் போன்றது இது.

லேயரைத் திரையிலிருந்து மறைக்கும் முறைகளிலும் வேறுபாடு உண்டு. 'ஆஃப்' செய்த லேயரில் உள்ளவை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், 'ஆல்' என்று தட்டச்சு செய்து எல்லாவற்றையும் அழிக்கும்போது அவையும் அழிந்துவிடும். 'ஃப்ரீஸ்' செய்த, அதாவது உறையவைத்து மறைத்த லேயரில் உள்ளவை தப்பிக்கும். அளவுக்கோடுகளை மொத்தமாக இழந்த பிறகே நான் இதைக் கற்றேன்.

லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தாள்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். எந்தக் கோடு மேலே தெரியும் என்பதைத் தீர்மானிப்பது லேயர் அன்று, 'டிரா ஆர்டர்' (வரைவு வரிசை) என்னும் தனி அமைப்பே.