பெண்மயில் பார்க்கிறதா?

அன்பின் எழுத்தாளருக்கு,

கடந்த மாசியில் தலங்கம வாவிக்கரையில் ஓர் ஆண்மயில் தோகை விரித்துக் கால் மணித்தியாலத்துக்கு மேல் ஆடுவதைக் கண்டேன். அருகே நின்ற இரண்டு பெண்மயில்களும் நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தனவே தவிர, அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெண்ணைக் கவரத்தான் தோகை என்று பாடசாலையில் படித்தது பொய்யா? அலங்காரமெல்லாம் ஏன் ஆணுக்கு மட்டும்?

வாசகர், வெள்ளவத்தை

அன்பின் வாசகருக்கு,

கண்டதைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். அவை பார்க்கவில்லை என்ற முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. மயிலுக்குக் கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால், தலையைத் திருப்பாமலே பக்கத்தில் நடப்பதைப் பார்த்துவிடும். பெண்மயிலின் தலையில் சிறு கருவியொன்றைப் பொருத்தி, ஆட்டத்தின்போது அதன் பார்வை எங்கெங்கே செல்கிறது என்று பதிவுசெய்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. ஆடும் ஆணின்மீது பார்வை விழுந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம். அதிலும் நாம் வாய்பிளந்து பார்க்கும் மேல்வளைவை விட்டுத் தோகையின் கீழ்ப்பகுதியையே அது அதிகம் கவனித்தது. மற்ற நேரமெல்லாம் கண் சுற்றுப்புறத்தில் இருந்தது. நாயும் நரியும் உலவும் இடத்தில் வேறெப்படி இருக்க முடியும்?

பெண்ணின் தெரிவே ஆணின் அலங்காரத்தை வளர்த்தது என்று டார்வின் 1871இல் விரிவாக எழுதினார். இங்கிலாந்தில் ஆய்வாளர் மரியன் பெட்ரி செய்த ஆய்வுகளில், தோகையில் ‘கண்கள்’ எனப்படும் வட்டப் புள்ளிகள் மிகுந்த ஆண்களே அதிகம் இணைசேர்ந்தன. சில கண்களை வெட்டி நீக்கியபோது அந்த வாய்ப்புக் குறைந்தது. யப்பானில் ஏழு ஆண்டுகள் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வோ அப்படியொரு தொடர்பைக் காணவில்லை. டார்வின் சொன்னது சரி, கண்களை எண்ணி மட்டும் பெண்மயிலின் இரசனையை அளந்துவிட முடியாது என்பதே என் எண்ணம்.

ஆடிவேலில் காவடியிலிருந்து விழுந்த ஓர் இறகு என் மேசையில் இருக்கிறது. சாளரத்துப் பக்கம் சாய்த்தால் நீலமும் பச்சையும் செம்பும் மாறிமாறித் தெரிகின்றன. ஒளிக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் வெறும் மண்ணிறம். அதில் நீலச்சாயம் என்று ஒன்றில்லை. மெலனின் என்னும் கருநிறமியாலான நுண்கோல்களின் ஒழுங்கான அடுக்கு ஒளியைத் தெறிக்கவைப்பதால் தோன்றும் நிறம் அது. ஆகவே பார்க்கும் கோணம் முக்கியம். சூரியன் நிற்கும் திசைக்கேற்பத் திரும்பி நின்று ஆண்மயில் ஆடுவதையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அலங்காரம் எப்போதும் ஆணுக்கே என்பதும் சரியல்ல. நமது தாழ்நிலச் சதுப்புகளில் வாழும் மயில் உள்ளான் என்னும் பறவையில், பெயரில் மயில் இருந்தும், முறை தலைகீழ். செங்கபிலக் கழுத்து பெண்ணுக்கு. மாலையில் குரலெழுப்பி ஆணை அழைப்பதும் பெண்தான். முட்டையிட்டபின் அது அடுத்த ஆணைத் தேடிப் போய்விட, மங்கிய நிறமுள்ள ஆண், புல்லோடு புல்லாகப் பதுங்கி அடைகாத்துக் குஞ்சுகளையும் வளர்க்கிறது. எந்தப் பாலினம் அடைகாக்கும் சுமையிலிருந்து விடுபடுகிறதோ, பெரும்பாலும் அந்தப் பாலினமே துணைக்காகப் போட்டியிட்டு அலங்காரம் பூணுகிறது. அடுத்தமுறை வாவிப்பக்கம் போனால், மயிலை விட்டுவிட்டுச் சேற்றோரப் புல்லைச் சற்று நேரம் பாருங்கள்.